தன் கைக்கு ஏற்ற கோல்



கோல்ஃப் விளையாட்டைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று எங்கள் வன்னியம்பட்டியில் சொன்னபோது, கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் உண்டு. திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே, மேற்குமலையைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் ஊரில் வயல் உண்டு, தோப்பு உண்டு, பிள்ளைகள் பந்தாடும் பொட்டல் உண்டு. கோல்ஃப் ஆடுதற்குரிய பரந்த புல்வெளி இல்லை. நானும் அந்த விளையாட்டை ஆடியவன் அல்லன். நெடுங்காலம் இயற்பியலும் கணக்கும் கற்பித்துப் பின் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இவ்விளையாட்டில் ஒரு கேள்வி பல ஆண்டுகளாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். கோல்ஃப் என்ற பெயரில் நம்முடைய ‘கோல்’ ஒலிக்கிறதே என்று சிலர் மகிழக் கூடும். ஒலி ஒற்றுமை ஒன்றைக் கொண்டு உறவு கொண்டாடுவது தகாது. ஆதலின் அதை விட்டுவிடுவோம்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் மண்வெட்டி வாங்க வருபவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கணையின் நீளத்தைத் தம் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓங்கி ஒருமுறை காற்றில் வீசியும் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை கனமான மண்வெட்டி வைத்திருக்கிறார் என்று அவர் கேட்பதில்லை. கதிரரிவாள் வாங்கும் பெண்களும் அப்படியே. நாள் முழுதும் அதைப் பிடித்து உழைக்கப் போகிறவர் தாம் என்பது அவர்களுக்குத் தெரியும். உழைப்புக்குக் கருவி தேர்வதில் இத்தனை தெளிவுடைய மனிதர், விளையாட்டுக்குக் கருவி தேரும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறார்? இதுவே என் கேள்வி.

கோல்ஃப் ஆட்டக்காரர் ஒரு பையில் பல கோல்களைச் சுமந்து செல்வார். பதினான்குக்கு மேல் கூடாது என்பது விதி. அமெரிக்க நாட்டுச் சங்கம் 1938ஆம் ஆண்டிலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் 1939ஆம் ஆண்டிலும் இவ்வரம்பை விதித்தன. நெடுந்தூரம் அடிப்பதற்கு ‘டிரைவர்’ என்னும் பெருந்தலைக் கோல், அதையடுத்து ‘மரக்கோல்கள்’, பிறகு எண்ணிட்ட ‘இரும்புக் கோல்கள்’, மணலிலிருந்தும் அருகிலிருந்தும் பந்தை எழுப்புவதற்கு ‘வெட்ஜ்’, கடைசியாகப் புல்தளத்தில் பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கப் ‘புட்டர்’. மரக்கோலில் இப்போது மரம் இல்லை. எஃகும் டைட்டானியமும் வந்துவிட்டன. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இவற்றுக்கிடையே, மரக்கோலின் குணத்தையும் இரும்புக் கோலின் அளவையும் கலந்து செய்த ‘ஹைபிரிட்’ என்னும் கோலும் இன்று பரவலாக வழங்குகிறது. ஒவ்வொரு கோலின் முகமும் சில பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். டிரைவரின் சாய்வு ஏறத்தாழ 10 பாகை. மணல் வெட்ஜின் சாய்வு ஏறத்தாழ 56 பாகை. சாய்வு மிகுந்தால் பந்து உயர எழும். குறைந்தால் தாழப் பறக்கும்.

இவ்விளையாட்டை நான் முதலில் நேரில் கண்டது கொடைக்கானலில். அங்குள்ள கோல்ஃப் கழகம் 1895ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, தூண் பாறைகளுக்குப் போகும் வழியில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். நல்ல உடற்கட்டுடைய ஒருவர் மெல்லிய நீண்ட இரும்புக் கோல் ஒன்றைப் பலங்கொண்ட மட்டும் வீசினார். பந்து புல்லை உரசிக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் வீசினார், மறுபடியும் அப்படியே. அவருக்குப் பின்னே வந்த அம்மையார் ஒருவர், வயது அறுபது இருக்கும், சிறுதலை மரக்கோல் ஒன்றை எடுத்து அவசரமின்றி ஓர் அடி அடித்தார். பந்து உயர்ந்து சென்று, கொடியிருந்த புல்தளத்தில் இறங்கி, இரண்டடி உருண்டு நின்றது. என் மாணவர்கள் கைதட்டினார்கள். “சார், அந்தக் கோல்தான் நல்ல கோல் போலிருக்கிறது” என்றான் ஒருவன். நான் அன்று, “கோலில் என்ன இருக்கிறது, எல்லாம் பழக்கம்” என்று விடை சொன்னேன். அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். மூன்றாம் எண் இரும்புக் கோலின் முகச்சாய்வும் ஏழாம் எண் மரக்கோலின் முகச்சாய்வும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் 21 பாகையை ஒட்டியவை. சாய்வு ஒன்றாயின் பந்தும் ஒரே விதமாகப் பறக்க வேண்டுமன்றோ? பறப்பதில்லை. மரக்கோலின் தண்டு நீளமானது. ஆகவே அதன் தலை விரைந்து சுழலும். மேலும் அதன் நிறை, முகத்துக்குப் பின்னே சற்றுத் தள்ளித் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. ஈர்ப்பு மையம் பந்தின் நடுவுக்குக் கீழாகவும் பின்னாகவும் அமைவதால் பந்து எளிதில் மேலெழுகிறது. இரும்புக் கோலின் மெல்லிய தகட்டில் அந்த உதவி இல்லை. அதனைக் கொண்டு பந்தை உயர்த்த வேண்டுமாயின் கையில் மிகுந்த வேகம் வேண்டும்.

அந்த வேகம் யாரிடம் உண்டு? தொழில்முறை ஆடவர் டிரைவரை வீசும்போது கோலின் தலை சராசரியாக மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவர் பந்து காற்றிலேயே ஏறத்தாழ 250 மீட்டர் பறக்கும். தொழில்முறைப் பெண்களின் வேகம் சுமார் 150 கிலோமீட்டர்; பந்து பறக்கும் தூரம் ஏறத்தாழ 200 மீட்டர். வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடும் சராசரி ஆடவரின் வேகம் என்ன? அதுவும் சுமார் 150 கிலோமீட்டர்தான். அதாவது அவருடைய கை, தொலைக்காட்சியில் அவர் வியந்து பார்க்கும் ஆடவர் கையோடு ஒத்ததன்று. தொழில்முறைப் பெண்களின் கையோடு ஒத்தது. ஆனால் கடைக்குச் சென்றால் ஆடவர் பையில் உள்ளதையே அவர் கேட்கிறார்.

அப்பெண்களின் பையைத் திறந்து பார்த்தால் கதை வேறு. மூன்றாம், நான்காம் எண் இரும்புக் கோல்களை அவர்களுட் பலர் வைத்துக்கொள்வதே இல்லை. ஐந்தாம் எண்ணிலோ ஆறாம் எண்ணிலோதான் இரும்பு தொடங்கும். மேலுள்ள இடங்களை ஏழாம், ஒன்பதாம் எண் மரக்கோல்களும் ஹைபிரிடுகளும் நிரப்பியிருக்கும். டிரைவரிலும் ஒரு நுட்பம் உண்டு. தொழில்முறை ஆடவரின் கோல் சற்றே கீழ்நோக்கி வந்து பந்தைத் தொடுகிறது. பெண்களின் கோலோ சற்று மேல்நோக்கி எழும்போது தொடுகிறது. அதனால் ஆடவரின் பந்து சுமார் 11 பாகையிலும், பெண்களின் பந்து 13 பாகையை ஒட்டியும் கிளம்புகின்றன. குறைந்த வேகத்தை எழுகோணத்தால் ஈடு செய்கிறார்கள்.

நெடுந்தூரம் வீச 45 பாகை வேண்டும் என்றல்லவா பாடநூல் சொல்கிறது, இங்கே 11, 13 என்கிறீரே என்று யாரேனும் கேட்பீர்களாயின், அக்கேள்வியை மெச்சுவேன். பாடநூல் கூறுவது காற்றில்லாத வெளியில் செல்லும் பொருளைப் பற்றியது. கோல்ஃப் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே காற்றில் செல்கிறது. அச்சுழற்சி அதனைத் தூக்கிப் பிடிக்கிறது. பந்தின் மேலுள்ள சிறு குழிகளும் அதற்குத் துணை. வேகம் குறைந்தால் இந்தத் தூக்கும் விசையும் குறையும். அப்போது சாய்வைக் கூட்டியே தீர வேண்டும்.

இவற்றையெல்லாம் ஏட்டளவில் அறிந்திருந்த எனக்கு, 2021 ஆகஸ்டில் ஒருநாள் காலை, கண்ணெதிரே சான்று கிடைத்தது. தோக்கியோ ஒலிம்பிக் போட்டி. கசுமிகசேகி என்னும் இடத்துப் புல்வெளி. பெங்களூரில் 1998ஆம் ஆண்டு பிறந்து, ஐந்து வயதில் கோலைப் பிடித்த அதிதி அசோக் என்ற பெண் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பதினெட்டு வயதினராய்க் கலந்துகொண்டபோது பை சுமந்தவர் அவர் தந்தை. தோக்கியோவில் பை சுமந்தவர் தாய். உலக வரிசையில் அப்போது அவர் 200ஆம் இடத்தில் இருந்தார். அவ்வாண்டில் கொரோனா நோயுற்று எழுந்தவர். அறுபது பேர் ஆடிய அக்களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களுள் ஒருவர்.

அவருடன் ஆடிய அமெரிக்கப் பெண் நெல்லி கோர்டா முதல் அடியிலேயே வெகுதூரம் முன்னே போய்விடுவார். எனவே கோர்டா குட்டை இரும்பால் எளிதாகப் புல்தளத்தை எட்டிய இடங்களில், அதிதி நீண்ட கோல்களை எடுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் கோலின் தேர்வு பேசிற்று. நெடுந்தொலைவிலிருந்து அவர் அடித்த பந்துகள் உயர எழுந்து, செங்குத்தை நெருங்கி இறங்கித் தங்கின. எஞ்சியதைப் புட்டர் செய்தது. நான்கு நாள்களும் 67, 66, 68, 68 அடிகள், கூட்டினால் 269. மூன்றாம் நாள் முடிவில் தனித்து இரண்டாம் இடத்தில் இருந்தார். கடைசி நாளன்று புயல் மழை ஆட்டத்தைச் சற்று நிறுத்திப் பின் தொடங்கியது. பதினெட்டாம் குழியில் அவர் உருட்டிய பந்து குழியருகே சென்று விலகிற்று. கோர்டா 267 அடிகளில் பொன் பெற்றார். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. அதிதிக்கு ஓர் அடியால் பதக்கம் தவறியது, நான்காம் இடம். கோல்ஃபின் விதிகள் அறியாத எத்தனையோ வீடுகளில் அன்று காலை அடுப்பை மறந்து அமர்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே.

கோல் சரியாக அமைந்தால் எல்லாம் கைகூடும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. அதே அதிதி, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு அடி முன்னிலையுடன் கடைசி நாளைத் தொடங்கி, அன்று 77 அடிகள் எடுத்து, வெள்ளியோடு திரும்பினார். ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண் ஒருவர் கோல்ஃபில் பெற்ற முதற்பதக்கம் அதுவே. பையில் இருந்த கோல்கள் அன்றும் அவர் அறிந்து தேர்ந்தவைதாம்.

கடையில் ஆடவர் தடுமாறுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. கோலின் தண்டு எவ்வளவு வளையும் என்பதைக் காட்ட அதன்மேல் ஓர் எழுத்துப் பொறித்திருப்பார்கள். மிக எளிதில் வளைவதற்கு ‘எல்’ என்று பெயர். ‘லேடீஸ்’ என்பதன் முதலெழுத்து. அடுத்தது மூத்தோர்க்குரியது. பிறகு நடுத்தரம், பிறகு விறைப்பானவை. மெதுவாக வீசும் கைக்கு வளையும் தண்டே துணைசெய்யும். ஆயினும் அவ்வெழுத்தைத் தோழர்கள் பார்த்துவிடுவார்களே என்று விறைப்பான தண்டை வாங்கி, பந்தைப் புதரில் தேடுகிறவர் பலர். பேர்பெற்ற ஆடவருக்கே அந்த நாணம் இப்போது குறைந்து வருகிறது. 2020 நவம்பரில் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் ஏழாம் எண் மரக்கோல் ஒன்று இருந்தது. அடிப்பதில் அவரை வலிமை குன்றியவர் என்று யாரும் சொல்லார்.

பிறரைக் குறை கூறும் நான் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். நான் இளம் ஆசிரியனாய் இருந்த பள்ளியொன்றில் கிரிக்கெட் மட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியவர் ஆடும் முழு மட்டை. மற்றொன்று சிறுவர்க்கு உரியது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், மெலிந்தவன், கண்ணும் காலும் நன்றாய் ஒத்துழைக்கும் ஆட்டக்காரன், சிறிய மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தான். “அது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது, ஆம்பிளையாகப் பெரியதை எடு” என்று எல்லார் முன்பும் சொன்னேன். அவன் எடுத்தான். மட்டை பந்தை நோக்கி வருமுன் பந்து குச்சியைச் சாய்த்துவிட்டது, மறுமுறையும் அவ்வாறே. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் முதல் அவன் விளையாட்டு வேளையில் நூலகத்துக்குப் போகத் தொடங்கினான். நூலகத்துக்குப் போவதைத் தடுக்க முடியுமா? நல்லதென்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன். நிறையையும் வேகத்தையும் பற்றிய பாடத்தை அவ்வகுப்புக்கு நடத்தியவனும் நானே. அவன் இன்று பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறான். வழியில் கண்டால் வணங்குகிறான். அந்த மட்டையைப் பற்றி அவனிடம் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

உங்களுள் சிலர் கல்லூரியிலோ வேலைக்குச் சென்ற ஊரிலோ கோல்ஃபைப் பழக நேரலாம். பதினான்கு கோல்களையும் ஒருங்கே வாங்க வேண்டியதில்லை. ஏழாம் எண் மரக்கோல், ஒரு ஹைபிரிட், ஏழாம் ஒன்பதாம் எண் இரும்புகள், மணல் வெட்ஜ், புட்டர் இவ்வாறும் போதும். டிரைவர் பின்னர் வரட்டும். புட்டரைத் தேர்வதில் அதிக நேரம் செலவிடுங்கள். பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடி என்று வகுத்த களத்தில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் புல்தளத்தில் உருட்டுவதற்கே ஒதுக்கியவை. அவற்றுக்கு வலிமையும் வேண்டா, வயதும் தடையன்று.

பழக வாய்ப்பில்லாதோர் கொடைக்கானலுக்குச் செல்லும்போது, தூண் பாறைகளுக்குப் போகும் அவசரத்தில் அந்த வேலியைக் கடந்துவிடாதீர்கள். சற்று நில்லுங்கள். பந்து போகும் தூரத்தைப் பாராமல், அது புல்தளத்தில் இறங்கும் கோணத்தைப் பாருங்கள். பிறகு அடித்தவர் கையில் உள்ள கோலைப் பாருங்கள்.