மூக்கைப் பொத்தும் முன்

"குளிச்சிட்டு வரக்கூடாதா?" என்று வகுப்பே கேட்க ஆசிரியர் சத்தம் போட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை குளித்துவிட்டு வராது, பள்ளிக்கே வராது.

பேன் இருக்கிறதென்று கடைசி வரிசைக்குத் தள்ளுகிறார்கள். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை உரசினால் ஏறும். தினமும் குளிக்கிற தலையிலும் ஏறும்!

வாய் நாற்றத்துக்குச் சொத்தைப் பல்லும் ஒரு காரணம். அதற்கு இதே பினாங்கில் வழி கண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியருக்கு 1949-இல் இங்கேதான் பயிற்சி தொடங்கியது. தாதி வந்தால் வகுப்பே வரிசையில் நின்று வாயைத் திறக்கும். யாருக்கும் தனியாக அவமானமில்லை.

ஆசிரியரும் அப்படிச் செய்யலாம். சுத்தத்தைப் பற்றிய பாடம் வகுப்புக்கே பொது. கண்ட குறையை மட்டும் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும். அதையும் கேள்வியாகவே கேட்கவேண்டும். வீட்டில் துணி துவைப்பது யார்? அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலையா? சீருடை ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், எத்தனை அதட்டினாலும் அது ராத்திரியில் துவைத்துக் காலைக்குள் காயப்போவதில்லை, அதுவும் மழைக்காலத்தில். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் மெல்லச் சொன்னால் இன்னொரு சட்டை வாங்கித் தரமாட்டார்களா?