யாருடைய பாவமும் இல்லை
(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் டொக்டர் இல்லை. ஊரில் ஏ.எல். வரைக்கும் உயிரியல் படித்தவன். இங்கே லண்டனில் பிஸ்கற் தொழிற்சாலையில் இரவு வேலை. எனது அக்காவின் மகனுக்கு டவுண் சிண்ட்ரோம். அவனுடைய தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசினால், "அது பரம்பரை வருத்தமாம்" என்று சொல்லிச் சனம் விலகுது. ஆகவே எது பரம்பரை, எது பரம்பரை இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்கட உடம்பின் கலங்களில் 46 நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், 23 சோடிகளாக இருக்கின்றன. 21ஆவது சோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால் அதுதான் டவுண் சிண்ட்ரோம். 1959இல் பிரான்சில் இதைக் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய 800 பிள்ளைகளில் ஒரு பிள்ளை இப்படிப் பிறக்குது. அது நாடு, சாதி, சமயம் ஒன்றும் பார்க்கிறதில்லை. தாயின் வயதோடு வாய்ப்புக் கூடும். இருபது வயதில் சுமார் 1,500க்கு ஒன்று, நாற்பது வயதில் சுமார் 100க்கு ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் இது தற்செயலாக நடக்கிறது. மிகச் சிலருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வருகிறது. அதையும் இரத்தச் சோதனையில் அறியலாம். பிறகேன் ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்புவான்? தாயைப் "பாவம் செய்தவள்" என்று பேசுவான்?

பரம்பரையாக வருகிறதுக்குத் தலசீமியாவைச் சொல்லலாம். இலங்கையிலும் இருக்கு. அதைக் காவுகிற ஆளுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. காவுகிற இருவர் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரக்கூடும். நோய் கடுமையானால் சில கிழமைக்கொருக்கால் வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேணும். சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் அளவில் இதைக் காவுகிறார்கள். அங்கே 1970களில் இருந்து கலியாணத்துக்கு முன்பே சோதித்து வந்தபடியால், நோயோடு பிறக்கும் பிள்ளைகள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

மச்சான் மச்சாள் கலியாணம் எங்களுக்குப் பழக்கம். இங்கிலாந்தில் பிறட்போர்ட் நகரில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு என்ன சொல்லுது? பிறவிக் குறைபாடு வருகிறது பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதர முறையானால் நூற்றுக்கு ஆறு. அப்போதும் 94 பிள்ளைகள் சுகமாகவே பிறக்குதுகள். பயப்பட வேண்டாம், சொந்தத்துக்குள் முடிக்க முன்னம் டொக்டரிடம் ஒருக்கால் கேளுங்கோ.

நாங்கள் சாதகம் பார்க்கிறம், சீதனம் பார்க்கிறம், இரத்தம் மட்டும் பார்க்கிறேல்லை. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குத் தலசீமியா சோதனை காசில்லாமல் செய்கிறார்கள். கலியாணத்துக்கு முன்பே உங்கள் டொக்டரிடம் கேட்டால் இன்னும் நல்லது.

இப்படியான பிள்ளை உள்ள தாய்மாருக்கு ஒன்று சொல்லுறன். பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்காதேங்கோ. புத்தாண்டு விழாவுக்குக் கூட்டி வாங்கோ. முன் வரிசையில் இருத்துவம்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.