டாக்டருக்கு அப்புறம் ஒரு குழு

குடியை விடணும்னு முடிவெடுத்தவருக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் சாயங்காலம்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும் கவனிக்க ஆள் உண்டு. வீடு திரும்பிய பிறகு, அதே கஷ்டத்தைத் தாண்டி வந்தவங்களோட துணை வேணும். அதுக்குத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ. குழு. 1935-ல் அமெரிக்காவில் குடிநோயிலிருந்து மீண்ட இரண்டு பேர் தொடங்கியது. இப்போ நம்ம மாநிலத்திலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தா போதும். பேசத் தயக்கமா? சும்மா உட்கார்ந்து கேளுங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? போனில் 14446-க்குக் கூப்பிடுங்க. போதை மீட்புக்கான தேசிய உதவி எண், இலவசம். ஊர்ப் பெயரைச் சொல்லி, பக்கத்தில் சிகிச்சை எங்கே, குழு எங்கேன்னு கேளுங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். ஒரு குழு ஒத்துவரலைன்னா இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீர்னு நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்க. வலிப்பு வந்தால் உடனே 108.

குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் குழு இருக்கு. "அவர் வரமாட்டேங்கிறாரே"ன்னு காத்திருக்க வேண்டாம்மா, நீங்க முதல்ல போங்க. 14446-ஐ இப்பவே போனில் பதிஞ்சு வையுங்க.