பெரியபாளையம் தந்த வள்ளல்

திருவள்ளூர்ப் பகுதியில் பவானியம்மன் கோயில் கொண்டருளும் பெரியபாளையத்தில் 1754-ஆம் ஆண்டு தோன்றியவர் பச்சையப்ப முதலியார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். அன்னையார் மக்களுடன் சென்னை சேர்ந்தபோது, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அக்குடும்பத்தை ஆதரித்தார். கணக்கும் கொள்முதலும் விற்பனையும் பச்சையப்பர் பயின்றது அவரிடமே. பின்னர்த் தாமும் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். அநாதைச் சிறுவனுக்குச் சோறிட்டதோடு நில்லாது தொழிலும் கற்பித்த அப்பிள்ளையவர்களின் அறத்தை உலகம் அவ்வளவாகப் பேசுவதில்லை!

நாற்பதாம் வயதில் நோயுற்ற பச்சையப்பர், 1794 மார்ச்சு 22-இல் உயில் எழுதி, சிவ விஷ்ணு ஆலய கைங்கரியங்களுக்கும் பிற தருமங்களுக்கும் பொருளை ஒதுக்கினார். அம்மாதமே திருவையாற்றில் சிவபதம் எய்தினார்.

பொறுப்பேற்றோர் அவ்வுயிலை ஒழுங்காக நிறைவேற்றவில்லை. தருமப் பணம் நெடுங்காலம் முடங்கிற்று, வழக்கும் மூண்டது. ஆயினும் எழுத்து இருந்தமையால் நீதிமன்றம் அதனை மீட்க இயன்றது. வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் யாது மிஞ்சியிருக்கும்? நன்கொடையாளர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

ஆலய தருமம் போக, வட்டியாய்ப் பெருகி எஞ்சிய தொகையைக் கொண்டு, அவர் மறைந்து 48 ஆண்டுகளுக்குப் பின், 1842-இல் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பெற்றது. அதுவே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது.