ஆடவர் ஏன் ஆட வருவதில்லை?



இலக்கிய மன்றம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் உடற்பயிற்சியைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால், இடம் மாறி வந்துவிட்டானோ என்று அவையினர் ஐயுறுவது இயல்பு. ஆயினும் யாப்பறிந்த இந்த அவைக்கு அப்பொருள் அயலானதன்று. அசை என்கிறோம், அடி என்கிறோம், நடை என்கிறோம். செய்யுளை அளக்க நாம் கையாளும் சொற்களிலேயே அசைகின்ற, நடக்கின்ற உடம்பின் சாயல் இருக்கிறது. பலர் கூடி ஒரே தாளத்தில் உடம்பை அசைப்பது பாட்டின் பழைய தாய்வீடு. அந்தத் தாய்வீட்டுக்கு இன்று பெண்கள் வருகின்றனர், ஆண்கள் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதே என் பேச்சின் பொருள்.

யோக வகுப்பு, ஏரோபிக்ஸ், ஜும்பா என்று பல பெயர்களில் இன்று குழுப்பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. பெருநகரங்களில் தொடங்கிய வழக்கம் சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. இவ்வகுப்புகளில் மகளிரே மிகுதி. ஆடவர் எடை தூக்குவர். விடியலில் தனியே நடப்பர். மைதானத்தில் பந்து விளையாடுவர். ஒருவர் முன்னே நின்று காட்ட, பலர் வரிசையில் நின்று அதனைப் பின்பற்றும் வகுப்பு என்றால் மட்டும் வாசலோடு நின்றுவிடுகின்றனர். மேலை நாடுகளிலும் நிலை பெரும்பாலும் இதுவே.

ஆண்கள் சோம்பேறிகள் என்று சொல்லி இவ்வினாவை முடித்துவிட இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் வயதுவந்த பெண்களில் 57 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காட்டினரே அத்தகையோர். மொத்தத்தில் குறைவாக இயங்குகின்ற பெண்கள் வகுப்பில் மட்டும் மிகுந்திருப்பது எவ்வாறு? தெருவும் திடலும் குளக்கரையும் ஆணுக்கு எந்நேரமும் திறந்து கிடக்கின்றன, பெண்ணுக்கு அவ்வாறில்லை. வீட்டைவிட்டு வெளியே வந்து அச்சமின்றிக் கைகால் வீச அவளுக்குக் கிடைத்த கதவு அந்த வகுப்பு. ஓய்வு மிகுந்ததனால் அவள் அங்கே வருகிறாள் என்று எண்ணுவது பிழை. இது பாதி விடை. மறுபாதி ஆடவர் பக்கம் இருக்கிறது.

உடம்பைப் பிறர் காண்பதில் ஆணுக்குக் கூச்சம் என்று சிலர் கூறுவர். அவர்களைச் சாரல் காலத்தில் நம் குற்றாலத்துக்கு அழைத்து வர வேண்டும். பேரருவியின் கீழே ஆடவர்க்கென ஒதுக்கிய இடத்தில், இடையில் ஒரு துண்டோடு, முன்பின் அறியாதவர் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். தொந்தி உடையவர், எலும்பு தெரிபவர், முதியவர், இளைஞர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. வழுக்கும் பாறையில் ஒருவர் கையை மற்றொருவர் பற்றிக்கொள்ளத் தயங்குவதுமில்லை. இத்தகையோரைக் கூச்சம் மிக்கவர் என்று எப்படிச் சொல்வது? அருவியின் கீழ் நிற்பதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. அங்கே தேர்ந்தவரும் இல்லை, தேராதவரும் இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டுகிறேன்; பின்னர் இதற்கே வருவேன்.

கூடி ஆடுவது ஆணின் இயல்பன்று என்பாரும் உளர். நம் இலக்கணமும் வழக்கமும் அதற்கு எதிர்ச்சான்று. வென்ற வேந்தனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடிய குரவைகளைத் தொல்காப்பியம் புறத்திணையில் வைத்துச் சொல்கிறது. கைக்குட்டை வீசி வரிசையாக ஆடும் ஒயிலாட்டம் தென்மாவட்டங்களில் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. இராஜகம்பளத்து மக்களின் தேவராட்டமும் ஆண்களின் ஆட்டமே. ஆடவர் என்ற சொல்லிலேயே ஆடல் ஒலிப்பதாக என் செவிக்குப் படுகிறது. அதன் வேரை ஆராய்வதைச் சொல்லாய்வாளர்க்கு விட்டுவிடுகிறேன்.

விழாவில் மட்டுமா? தொழிலிலும் அப்படித்தான். ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டின் அளவுக்கு மிதித்தார்கள். சால் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கணக்கு வைத்தார்கள். தோணி வலித்தவர்கள் அம்பாவால் மூச்சைச் சேர்த்தார்கள். அவர்கள் அதனை உடற்பயிற்சி என்று அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவையும் இல்லை. மின்னிறைப்பான் கிணற்றுக்கு வந்தது, ஏற்றம் போயிற்று, ஏற்றப்பாட்டும் போயிற்று. உழைப்பு எளிதானதை நான் குறை கூறவில்லை. அந்த உழைப்பின் கடுமையை அறிந்தவர் எவரும் குறை கூறார். ஆயினும், ஆடவர் கூடி ஒரே தாளத்தில் இயங்கிய இடம் அத்தோடு மறைந்தது. பெண்களின் கும்மியும் கோலாட்டமும் தொழிலை மட்டும் நம்பி வாழ்ந்தவை அல்ல. ஆகவே அவை கோயில் விழாவிலும் பள்ளி விழாவிலும் எஞ்சி நின்றன. சிறுமியாகக் கும்மி கொட்டியவளுக்கு வட்டத்தில் நின்று பிறர் அடியைப் பார்த்துத் தன் அடியை வைப்பது புதிதன்று.

குழுப்பயிற்சி என்ற இக்கால ஏற்பாடும் ஆடவர்க்காகவே பிறந்தது. 1811இல் பெர்லின் நகரை அடுத்த ஹாசன்ஹைடில் பிரீட்ரிக் லூட்விக் யான் திறந்தவெளிப் பயிற்சிக் களத்தை அமைத்தபோது, நெப்போலியனிடம் தோற்றிருந்த நாட்டின் இளைஞர்களை உரப்படுத்துவதே அவர் கருத்து. சென்னையில் 1920இல் எச். சி. பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பிற்று. 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில் பயின்றவர்கள் சிறுவர்களே. அன்று பெண்ணுக்கு அடைத்திருந்த கூடத்தில் இன்று ஆணைத் தேட வேண்டியிருக்கிறது!

இடையில் நேர்ந்தவை என்ன? என் சிற்றறிவுக்கு மூன்று தோன்றுகின்றன.

முதலாவது, பள்ளியின் ‘டிரில்’. ஊதல் ஒலிக்கு இணங்கக் கையைத் தூக்கி இறக்கிய அந்த அரைமணி நேரம் பலருக்கு மகிழ்ச்சியின் நினைவாக இல்லை. ஆணையின் நினைவாகவும், பிழை செய்தால் பிரம்படியின் நினைவாகவும் படிந்துவிட்டது. வளர்ந்த பின்னர் மீண்டும் வரிசையில் நிற்க மனம் ஒப்புவதில்லை.

இரண்டாவது, நிலைக்கண்ணாடி. யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவெங்கும் பயணம் செய்து தம் தசைவலிமையைக் காட்டினார். அவர் பெயர் தமிழ்நாட்டில் பட்டமாகவே வழங்கியது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரைச் சாண்டோ என்ற அடைமொழியோடுதானே அறிகிறோம்! அந்த வழியில், பயிற்சி என்பது தனி ஒருவன் தன் தோற்றத்தைத் தானே செதுக்கும் தொழிலாயிற்று. கூட்டம் அவனுக்குக் காண்போராகத் தேவைப்பட்டதேயன்றி உடன் ஆடுவோராகத் தேவைப்படவில்லை.

மூன்றாவது, அமெரிக்காவில் 1969இல் ஜூடி ஷெப்பர்ட் மிஸ்ஸெட் தொடங்கிய ஜாஸர்சைஸ் போன்ற வகுப்புகளும், 1982இல் வெளிவந்த ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி ஒளிநாடாவும். இவை இசையையும் அசைவையும் பெண்களின் விருப்பத்துக்கேற்ப இணைத்தன, பெரும்பயன் தந்தன. ஆனால் அன்று முதல் அக்கூடம் பெண்களின் கூடம் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. ஜும்பாவை உருவாக்கியவர் பெட்டோ பெரஸ் என்னும் கொலம்பிய நாட்டு ஆண்மகன் என்பது கூட அவ்வெண்ணத்தை மாற்றவில்லை.

இவை மூன்றும் புறக்காரணங்கள். இவற்றுக்கு அடியில் ஒன்று உண்டு. நகை தோன்றும் நிலைக்களன்களுள் அறியாமையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். குழுப்பயிற்சியில் முதல்நாள் வருபவன் அனைவர் கண்முன்னும் அறியாதவனாக நிற்கிறான். எல்லோர் கையும் வலப்பக்கம் போகையில் அவன் கை இடப்பக்கம் போகிறது. விளையாட்டாயின் தோல்வியிலும் ஒரு மதிப்பு உண்டு. எதிராளி வலியவன் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே எதிராளி இல்லை, வெற்றியும் இல்லை, பிழை மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அலுவலகத்தில் நாற்பதாண்டு ஆணையிட்டுப் பழகியவர், வீட்டில் அறியாதது எதுவும் இல்லாதவர் போல இருந்து பழகியவர், அந்த ஒரு மணி நேரச் சிறுமையை அஞ்சுகிறார். நகைப்பார்களோ என்ற அச்சமே அவரை வாசலில் நிறுத்துகிறது. அருவியில் இவ்வச்சம் இல்லாதது, அங்கே கற்க வேண்டியது ஒன்றும் இல்லாததனால்தான்.

அப்படியாயின் ஆடவன் எங்குமே மாணவனாக நிற்பதில்லையா? நிற்கிறான். கார்த்திகை பிறந்தால் தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு நோக்கிச் செல்லும் கூட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் ஆண்கள். நாற்பத்தொரு நாள் விடியற்காலைக் குளியல், வெறுங்கால் நடை, ஒரே நிற உடை, ஒரே குரலில் சரணம், குருசாமி சொன்னால் மறுசொல் இல்லை. கூட்டு ஒழுக்கத்துக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? அங்கே புதியவனின் நிலையை எண்ணுங்கள். முதன்முறை மலைக்குச் செல்பவனுக்குக் கன்னிச்சாமி என்று பெயர். அது இழிவன்று, சிறப்பு. கன்னிச்சாமி வராத ஆண்டில் மாளிகைப்புறத்தம்மனை மணப்பதாக ஐயப்பன் வாக்களித்தான் என்பதும், சரங்குத்தியில் கன்னிச்சாமிகள் குத்திச் செல்லும் சரங்களைக் கண்டு அவள் ஆண்டுதோறும் திரும்புகிறாள் என்பதும் ஐதிகம். அறியாதவனாக வருவதற்கே ஒரு பெயரும் மதிப்பும் அங்கே உண்டு. அதிகாரியும் கூலியாளும் அங்கே ‘சாமி’ என்ற ஒரே விளிக்குள் அடங்குகின்றனர். நம் குழுப்பயிற்சிக் கூடங்களில் இல்லாதது இதுவே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஸ்காட்லாந்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு வர மறுக்கும் ஆண்களை, அவர்கள் உயிராக நேசிக்கும் 13 கால்பந்துக் கழகங்களின் வாயிலாக அழைத்தார்கள். 35 முதல் 65 வயது வரையுள்ள உடல் பருத்த ஆடவர் 747 பேர் ஆய்வில் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு பாதியினர் அந்தக் கழகத்து மைதானங்களிலேயே வாரம் ஒருமுறையாக 12 வாரம் பயின்றனர், மறுபாதியினர் காத்திருந்தனர். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, பயின்றவர்களின் எடைக்குறைவு மற்றவரைவிடச் சராசரி 5 கிலோ அளவுக்கு மிகுந்திருந்தது என்று 2014இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பயிற்சியில் புதுமை ஒன்றும் இல்லை. அவர்கள் நோயாளியாகவோ மாணவனாகவோ அழைக்கப்படாமல், கழகத்து அன்பராக அழைக்கப்பட்டார்கள். அதுவே வேறுபாடு.

இவ்வளவு சொல்ல வேண்டிய அளவுக்கு இது பெரிய பொருளா என்று கேட்கலாம். 2016–20 காலத்துக்கான இந்திய மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் பெண்ணுக்கு 71.4 ஆண்டு, ஆணுக்கு 68.6 ஆண்டு. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. ஆயினும் பணி ஓய்வுக்குப் பின் ஆண் அடையும் தனிமை அவற்றுள் எளியதன்று. மனைவியை இழந்த முதியவர் ஒருவர் தெருத்திண்ணையில் செய்தித்தாளோடு அமர்ந்திருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவர் நடைப்பயிற்சிக்குப் போகக்கூடும். போனாலும் தனியே போகிறார், தனியே திரும்புகிறார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் படகோட்டும் இளைஞர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, தனியே துடுப்பு வலித்தபோது இருந்ததைவிட, கூடி ஒரே தாளத்தில் வலித்தபோது அவர்கள் வலியைப் பொறுக்கும் ஆற்றல் மிகுந்ததாகக் கண்டது. ஆய்வுக்கு உட்பட்டவர் சிலரே. ஆயினும் நம் ஏற்றக்காரருக்கும் தோணிக்காரருக்கும் இது புதுச்செய்தியாக இருந்திராது.

இனி இந்த அவைக்கு என் விண்ணப்பம். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடினார். அவ்விரண்டு ஊர்களும் இன்று நம் தென்காசி மாவட்டத்தில் உள்ளன. காவடி தூக்கி நெடுவழி நடக்கும் ஆடவர் கூட்டத்தின் கால்களுக்கேற்ற சந்தம் அது. ஏட்டில் படிக்கும்போதே நம் கால்விரல் அசைகிறதென்றால், கால்களுக்காகப் பிறந்த பாட்டு என்பதே காரணம். அவருக்குப் பின் நம்மில் எத்தனை பேர் கால்களுக்காக எழுதியிருக்கிறோம்?

ஒரு மண்டல காலம், விடியலில், கண்ணாடி இல்லாத திறந்தவெளியில் கூடுவோம். புதிதாக வருபவர்க்கு மதிப்பான பெயர் ஒன்று சூட்டுவோம். அயல்நாட்டு இசைத்தட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனோடு நம் கவிஞர் ஒருவர் யாத்த சிந்தும் ஒலிக்கட்டும் என்கிறேன். மகளிர் தனியாகவோ உடனாகவோ அவர்கள் விருப்பம்போல் வரட்டும். இந்த மன்றத்தில் முதல் கவிதையைப் படித்த இளைஞர் நடுங்கியபோது நாம் நகைக்கவில்லை; கைதட்டினோம். அந்தப் பண்பு நமக்குப் புதிதன்று. அதனை அரங்கிலிருந்து மைதானத்துக்குக் கொண்டு செல்வதே வேண்டுவது. திண்ணையில் தனித்திருக்கும் அந்தப் பெரியவரை அழைக்கச் செல்பவர் நம்முள் ஒருவராக இருக்கட்டும்.