டைனோசருக்கு யார் வண்ணம் பார்த்தது?

(சங்கத்தின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பரிசளிப்புக்கு முன் ஐந்து நிமிடம் கேட்டேன். செயலாளர் பயந்துகொண்டேதான் கொடுத்தார்.

போன வருஷ ஓவியப் போட்டிக்கு நான் ஒரு நடுவர். பி பிளாக் சிறுமி ஒருத்தி கோழி அளவில் ஒரு டைனோசர் வரைந்திருந்தாள். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை போட்ட இறக்கை, தலையில் செம்பழுப்புக் கொண்டை. "இந்த நிறத்தையெல்லாம் யாரும்மா பார்த்தது?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்துவிட்டேன். "மியூசியத்துல பார்த்திருக்காங்க தாத்தா" என்றாள். நான் சிரித்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது.

அந்தப் பிராணியின் பெயர் ஆங்கியோர்னிஸ். சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில் கிடைத்தது, சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் புதைபடிவம் ஒன்று பெய்ஜிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் கல்லில் இறகுத் தடம் தெரியும், நிறம் தெரியாது.

இங்கேதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வருகிறது. நாம் பள்ளியில் பார்த்தது ஒளியால் பார்க்கும் கருவி. மிகச் சிறியவற்றை அது பிரித்துக் காட்டாது. இதிலோ காற்று நீக்கிய அறைக்குள் எலக்ட்ரான் கற்றை பொருளின் மேல் வரிவரியாக வருடிப் போகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குப் பொருள்கூடத் திண்டு தலையணை மாதிரி தெரியும். ஒரு வேடிக்கை, படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். நிறம் கண்டுபிடித்தது நிறமே தெரியாத கருவி!

எப்படி? பறவை இறகில் மெலனோசோம் என்ற நிறமித் துகள்கள் உண்டு. நீளமான குச்சி வடிவம் என்றால் கறுப்பு அல்லது சாம்பல், உருண்டையாக இருந்தால் செம்பழுப்பு. புதைபடிவ இறகுகளில் இப்படிப்பட்ட துகள்களை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஆனால் இறந்த உடலைத் தின்ற பாக்டீரியா என்று எழுதிவிட்டார்கள். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், வவுச்சர் சரி, தலைப்புதான் தப்பு. பல வருஷம் யாரும் அதைத் திருத்தவில்லை.

திருத்தியவர் யாக்கோப் வின்தர், டென்மார்க்காரர், அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். பிரேசிலில் கிடைத்த ஒரு புதைபடிவ இறகில் கறுப்புப் பட்டையும் வெளிர்ப் பட்டையும் மாறி மாறி இருந்தன. கறுப்பில் மட்டும் துகள்கள், வெளிரில் ஒன்றுகூட இல்லை. பாக்டீரியா என்றால் பட்டை பார்த்தா சாப்பிடும்? 2008-ல் அவரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். 2010-ல் ஆங்கியோர்னிஸின் இறகுகளில் 29 இடங்களில் மாதிரி எடுத்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, உடம்பு முழுக்க நிறம் குறித்துவிட்டார்கள். அந்தச் சிறுமி வரைந்தது அதைத்தான்.

சாதாரணமாக இந்தக் கருவியில் வைக்கும் பொருளுக்கு மெல்லிய தங்கப் பூச்சு போடுவார்கள், இல்லாவிட்டால் மின்னூட்டம் தேங்கிப் படம் கெடும். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிற பூச்சியையோ எலும்பையோ பாதுகாக்கிறவருக்கு இது வயிற்றைக் கலக்கும் சமாசாரம். லாக்கர் சாவி வைத்திருந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பயம் புரிகிறது. இப்போது குறைந்த வெற்றிடத்தில், பூச்சே இல்லாமல் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பயன்படுத்துகிறார்கள். பார்த்துவிட்டு, பொருளை அப்படியே அலமாரியில் திருப்பி வைக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2015-ல் வேறொரு ஆங்கியோர்னிஸை ஆராய்ந்தவர்களுக்குக் கொண்டையில் சிவப்பு கிடைக்கவில்லை, கறுப்புச் சாயல்தான். ஆக, கொண்டைக் கணக்கு இன்னும் டாலி ஆகவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது பார்த்துச் சொல்லட்டும்.

போன வருஷப் பரிசுப் பட்டியலை மாற்ற முடியாது என்று செயலாளர் சொல்லிவிட்டார், சரிதான். அதனால் என் சொந்தச் செலவில் ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். அம்மா, மேடைக்கு வா. தாத்தா உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.