ஸ்டென்ட் வைத்த பிறகும் நெஞ்சுவலி

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் நள்ளிரவில் விழித்து, நெஞ்சில் கையை வைத்தபடி அசையாமல் படுத்திருப்பார். சுருக்கென்று ஒரு வலி. அடைப்பு திரும்பிவிட்டதோ என்ற பயம்.

முதல் சில நாட்களில் லேசான வலி வருவது பலருக்கும் உண்டு. சுருங்கிக் கிடந்த குழாயின் சுவரை அந்த உலோக வலைக்குழாய் உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பே வலியாகத் தெரியும். விரலால் அழுத்தும் இடத்தில் வலித்தால், பெரும்பாலும் தசையோ விலா எலும்பு மூட்டோ காரணம். சாப்பிட்டுப் படுத்ததும் எரிந்தால் அமிலம் மேலேறியிருக்கலாம். பயமும் நெஞ்சை இறுக்கும். அது பொய்வலி அல்ல.

ஆனால் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருப்பது பேராபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மங்கலாகவே தெரியலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

ஸ்டென்டுக்குள் திடீரென ரத்தம் உறைவது பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குள்தான். அதைத் தடுக்கவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் தரப்படுகின்றன. பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. சில மாதங்கள் கழித்து, நடக்கும்போது வந்து நின்றால் அடங்கும் வலி, குழாய் மெல்லச் சுருங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கும் பரிசோதனை தேவை.